உளவியல் படிப்பு: சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்ததும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்னைப் பார்க்கும் பிள்ளைகள் கேட்பது: "சைக்காலஜி படிச்சா டாக்டர் ஆயிடலாமா அக்கா?" ஆக முடியாது. மனநல மருத்துவர் முதலில் எம்.பி.பி.எஸ். முடித்தவர், மருந்து எழுதித் தருபவர் அவர். இந்தக் குழப்பம் ஐந்து நிமிடப் பேச்சில் தீர்ந்துவிடும்.

அடுத்ததுதான் என்னை வருத்துகிறது. உளவியலில் இளங்கலை முடித்தால், மனக்கவலைகளுக்கு ஆலோசனை தரும் கவுன்சலர் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேருகிறார்கள். 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, கவுன்சலர் வாரியத்தில் பதிந்து தொழில் சான்றிதழ் பெற்றவர்தான் இங்கே கவுன்சலராகத் தொழில் செய்யலாம். வாரியம் கேட்பது அது அங்கீகரித்த கவுன்சலிங் பட்டத்தை. உளவியல் பட்டம் மட்டும் போதாது. பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இது பட்டமளிப்பு முடிந்து வேலை தேடும்போதுதான் தெரிந்தது. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கையில், மறுபடியும் முதுகலை. சேரும் முன்பே வாரியத்தின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை மட்டும் நம்பாதீர்கள்.

மருந்தில்லாமல் மனநலச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக விரும்பினால், அந்தத் துறையிலேயே முதுகலை வேண்டும். கோலாலம்பூரில் யூ.கே.எம்., ஹெல்ப் பல்கலைக்கழகங்களில் அது உண்டு. இடங்கள் குறைவு. ஆகவே முதல் ஆண்டிலிருந்தே மதிப்பெண்ணைக் காப்பாற்றுங்கள். மனம் நொந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்பில் தொண்டூழியராகிப் பிறர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கப் பழகுங்கள்.

கணக்கு வராது என்பதற்காக இந்தப் பக்கம் வருவதும் தவறு. புள்ளியியல் இல்லாத உளவியல் பட்டம் கிடையாது. நோயாளியும் நாற்காலியும் மட்டுமே உளவியல் என்று எண்ண வேண்டாம். நிறுவனங்களில் ஆள்தேர்வு, பயிற்சி, ஆய்வு, சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள் என்று பல வேலைகள் இருக்கின்றன.

கடைசியாக, யாரும் தவறென்றே நினைக்காத ஒன்று: படிவம் ஐந்தோடு தமிழை விட்டுவிடுவது. 2023 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் நம் பாட்டிகளும் இருப்பார்கள். அவர்கள் மனச்சோர்வு என்று சொல்லமாட்டார்கள். "நெஞ்சு அடைக்குதுமா, சோறு இறங்கல" என்பார்கள். அதைக் கேட்டுப் பொருள் பிடிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார வேண்டும். பேரன் மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கும் அறையில், வீட்டில் நடப்பதைப் பற்றி அந்தப் பாட்டி வாயே திறக்கமாட்டார்.