வெயில், மேகமூட்டம், மழை: மீன் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது எப்படி?

டெல்டா பக்கம் கட்லா, ரோகு, மிர்கால் விட்டுப் புதிதாகக் குளம் தொடங்குபவர்கள் முதலில் தீவனத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முன் வானத்தைப் பார்க்கப் பழகுங்கள். ஒரே இரவில் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான் காரணம். அதன் அறிகுறி பல நேரம் முந்தைய நாள் வானத்திலேயே தெரிந்துவிடும்.

படி 1: கருவிகள்
தெர்மாமீட்டர், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்), அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) பார்க்கும் கிட் ஆகியவை போதும். தண்ணீரின் தெளிவைப் பார்க்கும் செக்கி தட்டை வீட்டிலேயே செய்யலாம். 20 செ.மீ. அகல வட்டத் தகட்டில் கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். 25 முதல் 40 செ.மீ. ஆழத்தில் தட்டு மறைந்தால் பாசி (தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்ணிய மிதவைப் பாசி) சரியான அளவில் இருக்கிறது. அதற்கு முன்பே மறைந்தால் பாசி அதிகம், அல்லது மழைச் சேறு கலந்திருக்கிறது.

படி 2: எப்போது அளப்பது?
விடிவதற்கு முன் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஒரு முறை. பகலில் ஆக்சிஜன் தரும் அதே பாசி இரவில் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் உடனே வேலையில் இறங்க வேண்டும்.

படி 3: கோடை
20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மி.கி. ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். தண்ணீர் ஐந்தடிக்குக் குறையாமல் வைத்திருங்கள். பிற்பகலில் பி.எச். 9ஐத் தொட்டால் அம்மோனியாவின் நச்சுத்தன்மை பல மடங்கு ஏறும். அந்த நேரத்தில் சுண்ணாம்பு போடவே கூடாது, அது பி.எச்.சை இன்னும் ஏற்றிவிடும்.

படி 4: மேகமூட்டம்
புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெயில் இல்லை, குளிர்ச்சியாக இருக்கிறது, மீனுக்கு நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் பாசி போதிய ஆக்சிஜன் தராது, இரவுச் செலவு மட்டும் குறையாது. அந்த நாட்களில் தீவனத்தைக் குறையுங்கள், உரமாகச் சாணம் போடாதீர்கள், நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓடட்டும். ஏரேட்டர் இல்லையா? குளத்துத் தண்ணீரையே மோட்டாரால் இறைத்து, மேலிருந்து சிதறி விழும்படி திரும்ப விடுங்கள். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் கரையில் நின்று கை தட்டிப் பாருங்கள். சட்டென்று உள்ளே போனால் இன்னும் அவகாசம் இருக்கிறது. நகராமல் நின்றால் நிலைமை மோசம். தீவனத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

படி 5: மழை
வெயிலுக்குப் பின் திடீரென்று கொட்டும் குளிர்ந்த மழைநீர் கனமானது, அடியில் இறங்கும். ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் மேலே கலக்கும். ஆகவே மழை விட்டதும் ஏரேட்டரைப் போடுங்கள். கரை மண் அமிலத்தன்மை உள்ள மண்ணாக இருந்தால் வழிந்து வரும் நீர் பி.எச்.சைக் குறைக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே கரைச் சரிவில் சுண்ணாம்பு தூவுங்கள். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது, மண் பரிசோதனை செய்துவிட்டுப் போடுங்கள்.

படி 6: மார்கழி, தை
குளிரில் மீன் குறைவாகத் தின்னும், மிச்சத் தீவனம் அடியில் அழுகும். அளவைக் குறையுங்கள். உடம்பில் சிவந்த புண்கள் வரும் காலமும் இதுதான். வாரம் ஒருமுறை வலை வீசி நான்கைந்து மீன்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். புண் தெரிந்தால் அன்றே மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.