ஸ்பெல்லிங் பயிற்சிக்கு எந்தக் குரல்?

நான் டைப் செய்த ஆங்கிலச் சொற்களைப் போன் வாசிக்க, பிள்ளைகள் கேட்டு எழுதும் ஸ்பெல்லிங் பயிற்சியில் இருந்த சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. போன் ‘ரைட்டர்’ (writer) என்று சொன்னால் பிள்ளைகள் ‘ரைடர்’ (rider) என்றே எழுதினார்கள். வேகத்தைக் குறைத்தேன், ஹெட்போன் மாற்றினேன், பலனில்லை. காரணம் அமெரிக்கக் குரல். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ‘ட்ட’வை அது நாக்கால் லேசாகத் தட்டி ‘ட’ போல மென்மையாக்கிவிடும். மெதுவாக ஓடவிட்டாலும் அந்த மெல்லொலிதான் நீளும்.

செட்டிங்ஸில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் (எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி) மொழியை ‘இங்கிலீஷ், யுனைடெட் கிங்டம்’ ஆக்கியதும் ‘ட்ட’ தெளிந்தது. ஆனால் பிரிட்டிஷ் குரல் ‘ர்’ரை விழுங்கும், ‘சோர்ஸ்’ (source), ‘சாஸ்’ (sauce) இரண்டும் ஒன்றாகக் கேட்கும். அத்தகைய சொற்களை மட்டும் தனிப் பட்டியலாக்கி அமெரிக்கக் குரலுக்கே விட்டேன்.

இரவுக்கும் குதிரைவீரனுக்கும் பொதுவான ‘நைட்’டை எந்தக் குரலும் பிரித்துக் காட்டாது. அங்கே சொல்லுக்குப் பின், பொருள் புரியும்படி அச்சொல் வரும் ஒரு சிறு வாக்கியமும் டைப் செய்துவிடுங்கள்.