மாடி மக்காச்சோளத்தில் மணி பிடிக்க வைத்த விதம்

அம்பத்தூரில் எங்கள் மொட்டை மாடியில் மார்ச் கடைசியில் விதைத்த மக்காச்சோளம் கிடுகிடுவென வளர்ந்தது. கதிரை உரித்தால் பொக்கை வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. உரத்தில் குறையில்லை, பூவெடுத்ததுதான் சரியாகக் கத்திரி வெயிலில். 35 டிகிரிக்கு மேல் போய் காற்றும் காய்ந்திருந்தால் மகரந்தம் சீக்கிரம் செத்துவிடும், பட்டுநூலும் (கதிர் நுனியில் தொங்கும் பெண் பூவின் இழை) உலர்ந்துவிடும்.

அடுத்த விதைப்பை மார்கழிக் கடைசிக்கு மாற்றினேன். சுமார் 10 டிகிரிக்கு மேல் நாள்தோறும் சேரும் வெப்பத்தைப் பொறுத்துத்தான் இந்தப் பயிர் அடுத்த கட்டத்துக்கு நகரும். அதனால் தைக் குளிரில் (சென்னைக் குளிர்தான்!) ஆண் பூ வரத் தாமதமானது. பரவாயில்லை, வெயில் ஏறுமுன் பூத்துவிட்டது. செடிகள் கொஞ்சம்தான் என்பதால், காலையில் பனி உலர்ந்ததும் ஆண் பூவைக் காகிதத்தில் தட்டி, அந்த மஞ்சள் தூளைப் பட்டுநூலில் தூவினேன். இந்த முறை கதிர் நிறைய மணி. நுனியில் மட்டும் கொஞ்சம் சொட்டை.