வேற்றுக்கிரகப் பாத்திரத்துக்கு மொழியும் குரலும்: இணைய ஆர்பிஜி உருவாக்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் சேர்ந்து ஆடும் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் விளையாட்டு) ஒன்றில் வேற்றுக்கிரகப் பாத்திரம் என்ன மொழி பேச வேண்டும் என்ற கேள்விக்கு இலக்கணத்திலிருந்து விடை தேடத் தொடங்கினால், ஆறு மாதம் கழித்துக் கையில் ஓர் அழகான அகராதி இருக்கும். ஒரு வசனம்கூடப் பதிவாகியிருக்காது. முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஆட்டக்காரர் அந்தப் பேச்சில் எவ்வளவைப் புரிந்துகொள்ளலாம் என்பதையே. சப்டைட்டிலைப் படித்தால் போதுமா, கேட்டுக் கேட்டுச் சில சொற்கள் பிடிபட வேண்டுமா, அல்லது அந்த மொழியைக் கற்பதே ஆட்டத்தின் ஒரு பகுதியா? சொல்வளம், இலக்கணம், ஒலிப்பதிவுச் செலவு ஆகிய மூன்றும் இந்தப் பதிலைப் பின்தொடர்ந்தே வரும்.

சப்டைட்டில் போதும் என்றால், உங்களுக்கு மொழியே தேவையில்லை. மொழி போல ஒலிக்கும் ஓசை போதும். 2000இல் வெளிவந்த தி சிம்ஸ் விளையாட்டின் சிம்லிஷ் அப்படிப்பட்டது. நிகழ்த்துகலைஞர்கள் ஒலிவாங்கியின் முன் நின்று அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசினார்கள். சொற்களுக்குப் பொருள் இல்லாவிட்டாலும் கோபமும் கொஞ்சலும் தெளிவாகப் புரிந்தன. சில சொற்கள் பிடிபட வேண்டும் என்றால், நூறு நூற்றைம்பது சொற்களும் நான்கைந்து விதிகளும் கொண்ட சிறுமொழி ஒன்று வேண்டும். கற்பதே ஆட்டம் என்றால், மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட் 1984இல் வெளிவந்த ஸ்டார் ட்ரெக் படத்துக்காக உருவாக்கிய கிளிங்கன் போல முழு மொழியே தேவைப்படும்; அதன் அகராதி அடுத்த ஆண்டே புத்தகமாக வந்தது. சிறு குழுவாக இருப்பவர்களுக்கு நடுவழியே ஏற்றது என்பது என் கருத்து. முதல் வழி சீக்கிரம் சலித்துவிடும். மூன்றாம் வழி பணத்தையும் பொறுமையையும் தின்றுவிடும்.

செலவுக் கணக்கு

முழுவதும் குரல் கொடுக்கப்பட்ட ஆர்பிஜியின் சுமை எவ்வளவு என்பதற்கு, பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2011 டிசம்பரில் வெளிவந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஆட்டக்காரர் தேர்ந்துகொள்ள எட்டுப் பாத்திர வகைகள்; ஒவ்வொன்றுக்கும் ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று; ஆக ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு மட்டுமே பதினாறு குரல்கள். பதிவான வசனங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று மொழிகளில் வெளியானதால், ஒருவர் பேசும் ஒவ்வொரு வரியும் மூன்று முறை பதிவாக வேண்டியிருந்தது. இந்தப் பெருக்கலிலிருந்து தப்பும் ஒரே பாத்திரம் வேற்றுக்கிரகவாசிதான். அவர் பேச்சை ஒரு முறை பதிவு செய்தால் போதும். எத்தனை மொழிகளில் வெளியிட்டாலும் சப்டைட்டிலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பேச்சு பொருளற்ற ஒலித் துணுக்குகளாகவே இருந்தால், கதாசிரியர் கடைசி நேரத்தில் வசனத்தைத் திருத்தினாலும் கலைஞரை மறுபடியும் ஸ்டுடியோவுக்கு அழைக்க வேண்டியதில்லை.

இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. பொருளற்ற துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், ஆட்டக்காரர் காது அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். இதே நிறுவனம் உருவாக்கி 2003இல் வெளிவந்த முந்தைய ஸ்டார் வார்ஸ் ஆர்பிஜியை ஆடியவர்கள், ஒரே துணுக்கு வெவ்வேறு சப்டைட்டில்களுக்கு வருவதை இன்றும் கேலியாக நினைவுகூர்வார்கள். தனியாக ஆடும் விளையாட்டில் ஒரு பாத்திரத்தை நாலைந்து முறை சந்திப்போம். இணைய விளையாட்டிலோ கடைவீதியில் நிற்கும் அதே வணிகரிடம் ஆண்டுக்கணக்கில் போய் நிற்போம். எனவே துணுக்குகளைப் பயன்படுத்துவதாக இருந்தால், ஒவ்வொரு குரலுக்கும் குறுகியது, நடுத்தரம், நீண்டது என மூன்று நீளங்களிலும், இயல்பு, கோபம், கெஞ்சல், கேள்வி, எள்ளல், அச்சம் என ஆறு மனநிலைகளிலும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு டேக்குகள் வீதம் எழுபத்திரண்டு துணுக்குகளைப் பதிவு செய்யுங்கள். வ்வைஸ், எஃப்மாட் போன்ற ஒலி மென்பொருள்களில் துணுக்குகளைக் கலைத்துப் போட்டு, சமீபத்தில் ஒலித்ததைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது. அதை மறக்காமல் இயக்குங்கள்.

இன்னொரு பொறி, பெயர்ச்சொற்கள். சப்டைட்டிலில் ஒரு கோளின் பெயரோ ஊரின் பெயரோ இருந்தால், அது பேச்சில் ஒலிக்கும் என்று காது எதிர்பார்க்கும். ஒலிக்காவிட்டால் மொழி பொய் என்பது அந்த நொடியே வெளிப்பட்டுவிடும். துணுக்கு வசனங்களில் பெயர்கள் வராதபடி சப்டைட்டிலை எழுதுவதே எளிய தீர்வு. ஆட்டக்காரர் தமக்கு வைத்துக்கொள்ளும் பெயரை எந்த மொழியிலும் முன்கூட்டியே பதிவு செய்ய முடியாது என்பதால், அவரை அழைக்க ஒரு விளிச்சொல்லை உங்கள் வேற்றுமொழியில் உருவாக்கி, எல்லாப் பாத்திரங்களையும் அதையே சொல்ல வையுங்கள். ஆட்டக்காரர் முதலில் கற்கும் சொல் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

ஒலிகளை உடலிலிருந்து எடுங்கள்

நடுவழியைத் தேர்ந்தால், மொழியைப் பாத்திரத்தின் வாயிலிருந்து தொடங்குங்கள். ஓவியர் வரைந்த உயிருக்கு உதடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ப, ம, வ மூன்றும் கிடையாது. இதழ் குவியாமல் உ, ஊ, ஒ, ஓ வராது என்பதால் அவையும் போய்விடும். எஞ்சிய அ, இ, எ என்ற உயிர்களையும் க, ட, த, ற, ல, ழ, ஞ, ஹ போன்ற மெய்களையும் கொண்டு சொல் கட்டினால், கேட்பவருக்குக் காரணம் தெரியாமலேயே அது ஓர் அந்நிய உடலிலிருந்து வருவதாகத் தோன்றும்.

தமிழ்க் குரல் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்பவர்களுக்குத் தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. சொல்லின் நடுவே தனித்து வரும் வல்லின எழுத்தை நாம் தானாகவே மென்மையாக்கிவிடுவோம். வல்லினத்தில் முடியும் சொல்லின் ஈற்றில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவோம். இதைத் திருத்தாமல் விட்டால், கிரகம் எதுவாக இருந்தாலும் அங்குள்ளவர்கள் மதுரைக்காரர்களைப் போலவே பேசுவார்கள். இதற்கு நம் இலக்கணமே நல்ல கருவி. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லின் முதலில் வாரா என்றும், வல்லின மெய்கள் சொல்லின் ஈற்றில் வாரா என்றும் இலக்கண நூல்கள் சொல்லும். அந்தத் தடைகளைத் தலைகீழாக்கி, லகரத்திலும் றகரத்திலும் தொடங்கி வல்லினத்தில் முடியும் சொற்களை உருவாக்கினால் தமிழ்க் காதுக்கு அவை உறுதியாக அந்நியமாகப்படும். நடு வல்லினச் சிக்கலைத் தவிர்க்க, உங்கள் மொழியில் வல்லினம் சொல்லின் முதலிலும் ஈற்றிலும் மட்டுமே வரும் என்று விதி வைத்துவிடுங்கள்.

ஒரு வரியைச் செய்து பார்ப்போம். தண்ணீருக்குத் ‘தெக்’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? கலைஞர் ஒரு கணம் கவனம் தவறினால் அது ‘தெக்கு’ ஆகி, தாகத்தில் தவிக்கும் பாத்திரம் தென்திசையைக் கேட்பது போலாகும். ‘திக்’ என்று மாற்றினாலும் ‘திக்கு’ வந்து நிற்கும். ‘லெக்’ என்றால் தப்பிக்கலாம். எனக்கு என்பதற்கு ‘ஞக்’, கொடு என்பதற்கு ‘றஹட்’. வினையை முதலில் வைத்தால், ‘றஹட் ஞக் லெக்’ என்பது ‘கொடு எனக்குத் தண்ணீர்’ ஆகும். எதிர்மறைக்கு வினையின் முன் ‘இ’ என்ற தனிச்சொல்லை வைத்தால் ‘இ றஹட்’, அதாவது கொடுக்காதே. ஒவ்வொரு புதுச் சொல்லையும் இப்படி உகரம் சேர்த்தும் சேர்க்காமலும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குழுவில் தெலுங்கோ இந்தியோ மலையாளமோ தெரிந்தவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். வசைச்சொற்கள் எந்த மொழியில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இலக்கணத்தில் ஒன்றிரண்டு துணிச்சலான முடிவுகள் போதும். கிளிங்கனில் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற, உலக மொழிகளில் மிக அரிதான வரிசை இருக்கிறது. அந்த ஒரு முடிவே அதற்கு முறுக்கைத் தந்தது. 2015இல் வந்த பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கியில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. ஒலியைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள் வரும் என்ற இப்படிப்பட்ட விதி, கேட்பவர் தாமாகவே கண்டுபிடித்து மகிழக்கூடியது. ஆட்டத்துக்கு இவ்வகை விதிகளே உதவும். எட்டு வேற்றுமைகளும் பன்னிரண்டு காலங்களும் யார் காதிலும் விழப்போவதில்லை.

வாழும் மொழி ஒன்றை எடுத்து உருமாற்றுவது எளிதான குறுக்குவழி. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் ஸ்டார் வார்ஸ் படங்களின் ஹட்டீஸ் மொழியை ஆண்டிஸ் மலைப்பகுதியில் பேசப்படும் கெச்சுவாவின் ஒலியிலிருந்து உருவாக்கினார். இன்று அதே வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருளரோ தோடரோ வீட்டில் பேசும் மொழி திரையில் அரக்கனின் உறுமலாகக் கேட்டால் அவர்கள் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் காரணம் புரியும்.

ஸ்டுடியோவுக்குள்

கலைஞர் கையில் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு வசனத்துக்கும் நான்கு வரிகள் இருக்கட்டும்: வேற்றுமொழி வரி, அசை பிரித்து அழுத்தம் வரும் இடத்தைத் தடித்த எழுத்தில் காட்டும் வரி, சொல்லுக்குச் சொல் பொருள், சப்டைட்டில். சொல்லுக்குச் சொல் பொருள் இல்லாவிட்டால் கலைஞர் ‘தண்ணீர்’ மேல் வைக்க வேண்டிய ஏக்கத்தை ‘கொடு’ மேல் வைத்துவிடுவார்; சப்டைட்டிலோடு உணர்வு பொருந்தாது. மொழியை உருவாக்கியவர் எல்லா வரிகளையும் கைப்பேசியிலாவது பேசிப் பதிவு செய்து முன்பே அனுப்ப வேண்டும். முடிந்தால் ஒலிப்பதிவின்போதும் உடன் இருக்க வேண்டும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக இருக்கட்டும். குரலை ஆழமாக்குவதையும் இரட்டிப்பாக்குவதையும் பிறகு மென்பொருளில் செய்யலாம். அந்த வேலையைக் கலைஞரின் தொண்டையிடம் விடாதீர்கள்.

அலறல், உறுமல், இறப்புக் குரல் எல்லாவற்றையும் அமர்வின் கடைசிக்குத் தள்ளுங்கள். தொண்டையை வருத்தும் பதிவு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அமெரிக்க நடிகர் சங்கம் 2016இல் விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இந்த வரம்பும் ஒரு கோரிக்கையாக இருந்தது.

ஆட்டக்காரர்கள் உடைத்துவிடுவார்கள்

இணைய விளையாட்டில் உங்கள் மொழியை ஒருவர் அல்ல, ஒரு கூட்டமே ஆராயும். 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் எதிர் அணியினர் தட்டச்சு செய்வது புரியாத சொற்களாக மாறித் தெரியும். ஆனால் ஒரே சொல் எப்போதும் ஒரே விதமாக மாறியதால், ஹோர்டு அணியினரின் ‘லால்’ (lol) என்ற சிரிப்பு எதிரணிக்குக் ‘கெக்’ என்று தெரிந்தது. சீக்கிரமே ‘கெக்’ என்பதே இணையத்தில் சிரிப்பொலியாகப் பரவிவிட்டது. எழுத்துக்கு எழுத்து மாற்றும் ரகசியக் குறியீட்டை நம்பினால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. உடைப்பதைத் தடுப்பதைவிட, அதை ஆட்டத்துக்குள் கொண்டுவருவதே நல்லது. 1999இல் வந்த எவர்குவெஸ்டில், குழுவில் உள்ளவர் ஒரு மொழியில் பேசப் பேச, கேட்பவரின் மொழித்திறன் நூறு வரை படிப்படியாக உயரும். 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கையில் ஒவ்வொரு சொல்லாகக் கற்கக் கற்க, வேற்றுக்கிரகவாசியின் வசனத்தில் அந்தச் சொல் மட்டும் திறக்கும். குரலோடு இதைச் செய்ய விரும்பினால், சப்டைட்டிலில் ‘தண்ணீர்’ திறக்கும் நேரத்தில் ஒலியிலும் ‘லெக்’ இருக்க வேண்டும். துணுக்கு முறை இங்கே உதவாது.

விளையாட்டு வெளியான பிறகும் புதுக் கதைகள் சேர்ந்துகொண்டே இருக்கும், கலைஞர்கள் மாறுவார்கள். சொல், பொருள், முதலில் எந்த வசனத்தில் வந்தது, யார் குரலில், எந்தக் கோப்பில் என்ற விவரங்களோடு ஓர் அட்டவணையை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். புதுச் சொல் சேர்க்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். திருத்தப்படாத மூலப் பதிவுகளை அழிக்காதீர்கள். அடுத்த ஆண்டு வேறொரு கலைஞர் அதே இனத்துக்குக் குரல் கொடுக்க வரும்போது, றகரம் எவ்வளவு அதிர வேண்டும் என்பதை அவருக்குத் தாளில் எழுதிக் காட்ட முடியாது, கேட்கத்தான் வைக்க முடியும்.