பேட்ச் தொடரின் வி2 (திருத்திய இரண்டாம் பதிப்பு) அனுப்புவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஒரு திட்டத்துக்கு மூன்று பேட்ச் (மின்னஞ்சலில் அனுப்பும் கோடு மாற்றம், ஒரு கமிட்டுக்கு ஒன்று) கொண்ட ஒரு தொடரை அனுப்பியிருக்கிறீர்கள். "1, 3 சரி. 2-இல் பிழைச் செய்தி அச்சாவதற்கு முன்பே ஃபங்ஷன் திரும்பிவிடுகிறது" என்று ரிவ்யூ வருகிறது. புதிதாக வருபவர்கள் உடனே நான்காவதாக ஒரு திருத்தக் கமிட்டை ஒட்டிவிடுவார்கள். லினக்ஸ் கர்னல் மாதிரியான திட்டங்களில் அது எடுபடாது. ஒவ்வொரு பேட்சும் தன்னளவில் கம்பைல் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் பைசெக்ட் செய்து (கமிட் வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து) பிழை தேடுபவர் பாதி வழியில் சிக்கிக்கொள்வார். ஆகவே திருத்தம் 2-ஆம் பேட்சுக்குள்ளேயே போக வேண்டும், தொடர் முழுவதும் வி2 என்று மறுபடி போக வேண்டும்.

இதற்குக் கிட் போதும் (சில லினக்ஸ்களில் படி 4-இன் சென்ட்-ஈமெயிலை மட்டும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்). (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடியுங்கள்.)

படி 1: பழையதைப் பத்திரப்படுத்துங்கள்

கோடில் கை வைப்பதற்கு முன், அனுப்பிய நிலைக்கு ஒரு டேக் (பெயர்க்குறி) போடுங்கள்:

கிட் டேக் வி1

பலரும் தாண்டிப் போவது இந்த ஒரு வரியைத்தான். ரீபேஸ் செய்ததும் (கமிட்களை மறுபடி அடுக்கியதும்) பழைய கமிட்கள் பிராஞ்சிலிருந்து மறைந்துவிடும். ரீஃப்லாக்கில் (பிராஞ்ச் முன்பு இருந்த நிலைகளின் பதிவு) தேடி எடுக்கலாம்தான், ஆனால் அந்த அலைச்சல் எதற்கு?

படி 2: திருத்தத்தை உரிய இடத்தில் சேருங்கள்

கோடைத் திருத்தி, கிட் ஆட் செய்தபின் (ஹேஷ் என்பது கமிட்டின் அடையாள எண், மெயின் என்பது உங்கள் தொடர் பிரிந்து வந்த பிராஞ்ச்):

கிட் கமிட் --ஃபிக்ஸப்=<2-ஆம் பேட்சின் ஹேஷ்>
கிட் ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ் மெயின்

எடிட்டர் திறக்கும்போது ஃபிக்ஸப் வரி தானாகவே 2-ஆம் பேட்சுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கும். சேமித்து மூடுங்கள். ரீபேஸ் கட்டளையிலேயே --எக்ஸெக் கொடுத்து, அதில் உங்கள் டெஸ்ட் கட்டளையை எழுதினால் ஒவ்வொரு கமிட்டுக்குப் பிறகும் அது ஓடும். எங்கே உடைகிறதோ அங்கேயே ரீபேஸ் நின்றுவிடும்.

படி 3: என்ன மாறியது என்று பாருங்கள்

கிட் ரேஞ்ச்-டிஃப் மெயின் வி1 ஹெட்

2018-இல் வந்த கிட் 2.19 முதல் இது இருக்கிறது. இரண்டு பதிப்புகளையும் பேட்ச் பேட்சாக ஜோடி சேர்த்துக் காட்டும். நம் தொடருக்கு, ஹேஷ்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இப்படி வரும்:

1 = 1
2 ! 2
3 = 3

சமக்குறி என்றால் மாற்றம் இல்லை. ஆச்சரியக்குறி என்றால் மாறியிருக்கிறது. கீழே விவரம் வரும். < என்பது பழையதில் மட்டும் இருப்பது, > என்பது புதிதாக வந்தது. விவரத்தில் ஒரே வரிக்கு முன்னால் இரண்டு கூட்டல், கழித்தல் குறிகள் வரும்போது முதலில் தலை சுற்றும். இது டிஃபுக்கு எடுத்த டிஃப். வெளிக்குறி வி1-க்கும் வி2-க்கும் உள்ள வித்தியாசம், உள்குறி பேட்சுக்குள்ளேயே இருப்பது.

ஒரு பேட்சை நிறைய மாற்றியிருந்தால், அதையே ஒரு < ஆகவும் ஒரு > ஆகவும் பிரித்துக் காட்டிவிடும். --கிரியேஷன்-ஃபேக்டர் மதிப்பை, வழக்கமான 60-இலிருந்து 90 வரை ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஜோடி சேர்ந்துவிடும்.

நீங்கள் தொடவே இல்லாத பேட்சில் ஆச்சரியக்குறி தெரிந்தால் அனுப்பாதீர்கள். ரீபேஸில் கான்ஃபிளிக்ட் (மாற்றங்கள் மோதும் இடம்) தீர்த்தபோது ஏதாவது தவறிப் போயிருக்கலாம்.

படி 4: அனுப்புங்கள்

கிட் ஃபார்மேட்-பேட்ச் -வி2 --கவர்-லெட்டர் --ரேஞ்ச்-டிஃப்=வி1 மெயின்

பேட்ச் கோப்புகளோடு 0000 எண்ணில் முகப்புக் கடிதமும் உருவாகும். ரேஞ்ச்-டிஃப் அதன் அடியில் ஒட்டியிருக்கும். தலைப்பையும் விளக்கத்தையும் நீங்கள்தான் எழுத வேண்டும். "வி2: பிழைச் செய்தி அச்சான பிறகே ஃபங்ஷன் திரும்புகிறது (பேட்ச் 2)" என்று ஒரு வரி போதும். தனிப் பேட்சுக்கு மட்டும் குறிப்பு வேண்டுமானால் அந்தப் பேட்ச் கோப்பில் உள்ள மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அது கமிட் செய்தியில் சேராது. பிறகு கிட் சென்ட்-ஈமெயில்.

மற்ற கருவிகள்

கர்னலுக்கு அடிக்கடி அனுப்புபவர் என்றால் பி4 என்ற கருவியைக் கற்றுக்கொள்ளலாம். முகப்புக் கடிதத்தைப் பிராஞ்சோடு வைத்துக்கொள்ளும், அனுப்பியதும் டேக் போட்டுப் பதிப்பு எண்ணையும் ஏற்றிவிடும். படி 1 உங்களுக்குத் தேவைப்படாது. கிட் இல்லாமல் பேட்ச் கோப்புகளாகவே பராமரிக்க குவில்ட் உண்டு. டெபியன் பேக்கேஜ்களில் பேட்ச் வரிசையை வைத்திருக்கும் சீரீஸ் கோப்பு அதன் வழக்கம்தான். ஸ்டாக்ட் கிட் எனப்படும் எஸ்டிகிட், குவில்டின் புஷ், பாப் முறையை (பேட்ச்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி இறக்குவது) கிட்டுக்குள்ளேயே தருகிறது; ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேட்ச்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும். மூன்று பேட்ச் தொடருக்கு அது அதிகப்படி.