முடக்குவாதத்தோடு பெங்களூருக்கு வருவோர் கவனத்திற்கு

லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ பெங்களூரில் உள்ள உறவினர் வீட்டுக்கு வருபவருக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்னும் மூட்டுநோய்) இருந்தால், பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது மருத்துவர் தந்த கடிதம். அதில் மருந்துகளின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் (மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராம் அளவும் இருக்கட்டும். வெளிநாட்டில் வழங்கும் கம்பெனிப் பெயரைச் சொன்னால் அல்சூர், சிவாஜிநகர் மருந்துக்கடைக்காரருக்குப் பல வேளை புரியாது.

பெரிய ஆபத்து இந்த மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கிறது. நம் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவது இந்நோய் என்பதால், அதை அடக்கப் பெரும்பாலோருக்கு முதலில் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட். அதுவும் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும். பிரிட்டனில் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம் மாத்திரையே தரப்படுவதால், வாரம் 15 மில்லிகிராம் எடுப்பவர் ‘ஆறு மாத்திரை’ என்று எண்ணிக்கையாகவே பழகியிருப்பார். இந்தியக் கடைகளிலோ 7.5, 10, 15 மில்லிகிராம் மாத்திரைகளும் உண்டு. கொண்டுவந்தது தீர்ந்துபோய், இங்கே வாங்கிய 7.5 மில்லிகிராம் மாத்திரையைப் பழக்கதோஷத்தில் ஆறாக விழுங்கினால் 45 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது எலும்பு மஜ்ஜையையே பாதிக்கக்கூடும். ஆகவே தங்கும் நாட்களுக்குமேல் இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாகக் கொண்டுவருவதே நல்லது. வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருந்து கேட்கும்போதும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள்; கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து அதனுடன் சேரவே கூடாது.

இந்நோய்க்காக எதிர்ப்பாற்றலை அடக்கப் போடும் அடாலிமுமாப் போன்ற ஊசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில், கைப்பையில் கொண்டுவர வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டு உறைந்துபோன ஊசி பயன்படாது. வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். இத்தகைய ஊசி போடுபவர்கள் பயணத் தடுப்பூசிகளைப் புறப்படுமுன்னரே மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்புமருந்துகள், வாய்வழித் தைஃபாய்டு மருந்து உட்பட, அவர்களுக்கு ஆகாது.

மழைக்காலத்தில் வருபவர்கள் பகலில் கடிக்கும் கொசுவுக்கு அஞ்ச வேண்டும். அது பரப்பும் சிக்குன்குனியாவில் காய்ச்சலோடு கை, கால் மூட்டுகள் வீங்கி வலிப்பதால், பழைய நோய் மூண்டுவிட்டதாகவே தோன்றும். அதே கொசு டெங்குவையும் பரப்பும் என்பதால், டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், பாராசிட்டமால் போதும். காய்ச்சல் இருக்கையில் மெத்தோட்ரெக்சேட்டையும் ஊசியையும் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர் மட்டும் அதைத் திடீரென நிறுத்தவே கூடாது.

“இவ்வளவு மாத்திரை சாப்பிட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும் அத்தை?” என்று கேட்டபடி யாராவது பெயரில்லாப் பொடிப் பொட்டலத்தை நீட்டுவார்கள், அன்போடுதான். முடக்கு அறுப்பதாகப் பெயர்பெற்ற முடக்கத்தான் கீரையில் தோசை சுட்டுத் தந்தால் ரசித்துச் சாப்பிடுங்கள். பொடியை வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டே நாளில் வலி பறந்துபோகச் செய்யும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது முன்பே கண்டறியப்பட்டிருக்கிறது.

காலை விறைப்பு தளர ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லி, வெந்நீருக்கும் நாற்காலி போன்ற கழிப்பறைக்கும் ஏற்பாடு கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

காசநோய் மிகுந்த நாடு இது. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசி போடுபவருக்கு, ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்துக்கூட, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ தென்பட்டால், இந்தியா போய்வந்ததை அங்குள்ள மருத்துவரிடம் முதல் வார்த்தையாகவே சொல்ல வேண்டும்.