ஃபோனிலேயே போட்ட டனல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஆபீஸ் ஊருக்குள், குடோன் பல்லடம் ரோட்டில். இரண்டு இடத்திலும் சிஸ்கோ ரௌட்டர். குடோன்காரர்கள் ஆபீஸ் பில்லிங் சர்வரைத் திறக்கணும், அதற்கு ஜிஆர்ஈ டனல் போதும்; அதாவது இன்டர்நெட் வழியாகவே இரண்டு ரௌட்டரையும் நேரடியாக இணைத்த மாதிரி காட்டும் ஒரு வழி. ஆபீஸில் நான், குடோனில் கன்சோல் கேபிளோடு (ரௌட்டரில் நேரடியாகக் கமாண்டு அடிக்கும் கேபிள்) ஒரு தம்பி. ஃபோனில் அவனுக்கு வாயால் சொன்ன மாதிரியே கமாண்டுகளை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பக்கமும் பப்ளிக் ஐபிதானா (இன்டர்நெட்டில் வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய அட்ரஸ்) என்று பாருங்கள். ரௌட்டரின் வெளிப்பக்க அட்ரஸ் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் அது உங்களுக்கென்று தந்த பப்ளிக் ஐபி இல்லை. மாறாத பப்ளிக் ஐபி, அதாவது ஸ்டாடிக் ஐபி, வாங்கிவிட்டு வாருங்கள்.

ஆபீஸ் 203.0.113.10, குடோன் 198.51.100.20 என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் ரௌட்டரில்:

இன்டர்ஃபேஸ் டனல் 0
ஐபி அட்ரஸ் 10.255.0.1 255.255.255.252
டனல் சோர்ஸ் 203.0.113.10
டனல் டெஸ்டினேஷன் 198.51.100.20

குடோனில் சோர்ஸும் டெஸ்டினேஷனும் இடம் மாறும், ஐபி 10.255.0.2. பிறகு குடோன் நெட்வொர்க்குக்கு ஆபீஸில் ஒரு வழி: ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 டனல் 0. குடோனிலும் இதேபோல் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ஒன்று. வெளிப்பக்கம் ஆக்சஸ் லிஸ்ட் (எதை உள்ளே விடலாம் என்ற பட்டியல்) இருந்தால் 'பெர்மிட் ஜிஆர்ஈ' சேருங்கள். 47 என்பது ப்ரோட்டோகால் எண். அதை டிசிபி போர்ட் என்று நினைத்துத் திறந்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பி ஒரு வரிகூட அடிக்கும் முன்னாலேயே என் பக்கம் டனல் 'அப்' என்று காட்டியது. டெஸ்டினேஷனுக்கு ரூட் இருந்தால் போதும், எதிர்ப்பக்கம் ரௌட்டரே இல்லாவிட்டாலும் அப்தான். அதை நம்பாதீர்கள். 'கீப்அலைவ் 10 3' போட்டால் 10 நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும், மூன்று முறை பதில் வராவிட்டால் டவுன் ஆகும்.

பிறகு முதலாளி, குடோன் இன்டர்நெட்டும் ஆபீஸ் வழியாகவே போகட்டும் என்றார். தம்பி டீஃபால்ட் ரூட்டை (தனி வழி சொல்லாத எல்லாமே போகும் வழி) டனல் 0 பக்கம் போட்டுவிட்டுப் பழையதை எடுத்தான்.

"அண்ணா, டனல் விழுந்துருச்சுங்கண்ணா. ரிகர்சிவ் ரூட்டிங்னு என்னமோ வருது."

"எதிர்முனைக்குப் போற வழியே டனலுக்குள்ள போயிருச்சு தம்பி. பெட்டிச் சாவியப் பெட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்ட."

குடோன் ரௌட்டரில் ஆபீஸின் பப்ளிக் ஐபிக்கு மட்டும் ஐஎஸ்பி கேட்வே வழியாகத் தனி ரூட் வேண்டும்: ஐபி ரூட் 203.0.113.10 255.255.255.255 198.51.100.17. இதைப் போட்ட பிறகுதான் டீஃபால்ட்டைத் தொடணும்.

அடுத்து வந்ததுதான் என் அரை நாளைத் தின்றது. பிங் போகிறது, லாகின் திறக்கிறது, ஸ்டாக் ரிப்போர்ட்டைத் தட்டினால் மட்டும் அப்படியே உறைந்து நிற்கிறது. இப்படி நடந்தால் சர்வரைக் குடையாதீர்கள், எம்டியூவைப் பாருங்கள்: ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு, வழக்கமாக 1500 பைட். ஜிஆர்ஈ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே 24 பைட் சேர்க்கும்: 1500 போய் 1476. குடோன் லைன் பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை), அது இன்னொரு 8 பைட் தின்னும்: 1468. பெரிய பாக்கெட் வரும்போது 'சின்னதாக்கி அனுப்பு' என்று ரௌட்டர் ஐசிஎம்பியில் (நெட்வொர்க் தகவல் செய்திகள்) சொல்லும். ஆபீஸில் ஃபயர்வால் வைத்த புண்ணியவான் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தார். சர்வர் காதில் விழவே இல்லை. சின்ன பாக்கெட் போவதால் பிங் மட்டும் ஜோராக ஓடுகிறது.

விண்டோஸில் பிங்கோடு மைனஸ் எஃப் (பாக்கெட்டை உடைக்காதே), மைனஸ் எல் 1440 (அளவு) கொடுங்கள். ஹெடர் 28 பைட்டும் சேர்ந்தால் சரியாக 1468. நான் கணக்கை ஒட்டி வைப்பதில்லை, டனலின் இரண்டு முனையிலும் எம்டியூவையும், டிசிபி ஒரு பாக்கெட்டில் ஏற்றும் டேட்டா அளவான எம்எஸ்எஸ்ஸையும் தாராளமாகவே இறக்கிவிடுவேன்:

ஐபி எம்டியூ 1400
ஐபி டிசிபி அட்ஜஸ்ட் எம்எஸ்எஸ் 1360

ரிப்போர்ட் உடனே திறந்தது.

ஜிஆர்ஈ எதையும் பூட்டி அனுப்பாது, பில் விவரமெல்லாம் திறந்தபடியே போகும். அதனால் மேலே ஐபிசெக் ப்ரொஃபைல் (பாக்கெட்டைப் பூட்டி அனுப்பும் முறை) மாட்டுங்கள். அதை டிரான்ஸ்போர்ட் மோடில் வைத்தால் 1400-ல் அதற்கும் இடம் இருக்கிறது. 'டனல் ப்ரொடெக்ஷன்' போட்டால் கீப்அலைவை எடுத்துவிடணும், இரண்டும் ஒத்துப்போகாது. அதற்குப் பதில் ஓஎஸ்பிஎஃப் (ரௌட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) ஓடவிட்டால் எதிர்முனை போனதை அதுவே கண்டுபிடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் 'ரைட் மெமரி'. அடிக்காவிட்டால், ரௌட்டர் அணைந்து எழும்போது போட்டதெல்லாம் போய்விடும். தம்பியிடம் அதை இரண்டு முறை சொன்னேன். மறுநாள் கரண்ட் போய் வந்ததும் ஃபோன்: "அண்ணா, டனல் 0-வையே காணோங்கண்ணா."